காதில் மட்டும் சொன்ன சேதி

ரயிலம்மாவுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை. காலையில் அழுகிற இருபது வாண்டுகளையும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கவைத்து, ‘கூ’ என்று கூவிக்கொண்டு வகுப்பைச் சுற்றி இழுத்துப்போவாள். அழுகை போன இடம் தெரியாது. நாற்காலி விளையாட்டென்றால் நாற்காலியைத்தான் எடுப்பாளே தவிர, பிள்ளையை வெளியே அனுப்பமாட்டாள். தோற்றது மூலையில் நின்று முழிப்பது அவளுக்குப் பொறுக்காது. கடைசியில் ஒரே நாற்காலியில் இருபதும் அப்பிக்கொண்டு கிடக்கும்.

ஒன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. இதற்கிடையில் ஆசிரியர் பயிற்சியும் படித்துத் தேறிவிட்டாள், சும்மா சொல்லக்கூடாது. அடுத்த மாதம் புது வகுப்பு திறக்கிறார்கள். அதற்கு டீச்சராகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

“கவலைய விடுங்கக்கா. பெரிய டீச்சர்கிட்ட நான் பேசறேன். புது கிளாஸ் உங்களுக்குத்தான்,” என்றிருந்தாள் வகுப்பு டீச்சர். ரயிலம்மா நம்பாமல் என்ன செய்வாள்? அந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது வகுப்பை ஒற்றை ஆளாய் இழுத்தவள் இவள்தானே. அப்போது பிறந்த பெண்தான் இப்போது இதே வகுப்பில், முதல் வரிசையில்.

அன்றைக்குக் காதோடு காதாகச் சொல்லும் விளையாட்டு. ‘பூனை பால் குடிச்சுது’ என்று ஆரம்பித்தால், பத்துக் காது தாண்டுவதற்குள் ‘பூனை பல்லைக் கடிச்சுது’ என்றாகிவிடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இந்த முறை நான்தான் ஆரம்பிப்பேன் என்று டீச்சர் மகள் அடம்பிடித்தாள். சரி என்று விட்டாள் ரயிலம்மா. சேதி காது காதாய்ப் போய், கடைசிப் பையன் எழுந்து உரக்கச் சொன்னான்.

“என் சித்தி புது கிளாஸ் டீச்சர்.”

“உன் சித்தியாடா?” என்றாள் ரயிலம்மா.

“என் சித்தி,” என்று திருத்தினாள் டீச்சர் மகள். “அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. நான் காதுலதான் சொன்னேன்.”

டீச்சர் வாசலில்தான் நின்றிருந்தாள். ரயிலம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“நெஜமா டீச்சர்?”

“தங்கச்சிக்கு வேற எதுவும் அமையலக்கா. வீட்ல எல்லாரும் கழுத்தப் புடிச்சா நான் என்ன பண்ணுவேன்.”

“பெரிய டீச்சர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?”

டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படங்களைப் பார்த்தாள். “உங்களுக்கு உடம்பு முடியல, பொறுப்பு எதுவும் வேணாங்கறீங்கன்னு சொன்னேன்.”

ரயிலம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது, ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை. புது வகுப்பு போனதுகூடப் போகட்டும். தான் சொல்லாததைத் தன் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறாளே, படுபாவி.

“கோவிச்சுக்காதீங்கக்கா,” டீச்சர் கிட்டே வந்தாள். “அவளுக்குப் பிள்ளைங்கள வச்சு ஒரு விளையாட்டும் தெரியாது. நாலு நாள் கூட இருந்து நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

“கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே. எதுக்கு நீ பொய் சொன்னே?”

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ‘நீ’ வந்துவிட்டது.

டீச்சரின் முகம் சுருங்கியது. “பிள்ளைங்க முன்னாடி நீ, வான்னு பேசாதீங்க,” என்றாள். அதில் ‘அக்கா’ இல்லை.