மாஸ்டர் குடித்த பச்சை சூப்

வெல்டருக்குத் தன் மச்சான் மேல் ஒரு கோபம் இருந்தது. நேற்று முளைத்ததல்ல, கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சுக்குள் போட்டுப் பொத்தி வைத்திருந்த கோபம். மச்சான் வீட்டுக்கு வருவார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்காருவார். "என்ன பாப்பா" என்று தங்கச்சியின் தலையில் தட்டுவார். பிள்ளையின் கையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திணிப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவ்வளவுதான். தட்டு வைக்கிற சத்தம் அடுக்களையில் கேட்டதும், பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி எழுந்து செருப்பைத் தேடுவார்.

அந்த வீட்டில் அவர் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது.

"அண்ணன் வேலை பாக்கற இடத்துலயே சாப்பிட்டுட்டு வந்துடறாங்க" என்று மனைவி சப்பைக்கட்டு கட்டுவாள்.

"ஆமாமா. பட்டறைக்காரன் வீட்டுச் சோறு அவர் தொண்டையில இறங்காதாக்கும்" என்பான் வெல்டர். சொல்லிவிட்டு முன்பக்கத்துப் பட்டறைக்குப் போய், பாதியில் நிற்கிற கேட்டின் மேல் அந்தக் கோபத்தைக் காட்டுவான். அன்றைக்குச் சுத்தியல் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

மச்சானை உலகம் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. கேபிள் செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். மீசை முளைக்கும் முன்பே அங்கே வெங்காயம் உரிக்கப் போனவர். மூன்று ஷிப்டு ஆட்களுக்கும் அவர் கைச் சாப்பாடுதான். ஆள் ஒல்லி, குரல் மட்டும் அண்டா சைஸ். பரிமாறுகிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுவப் போகிற தட்டைப் பார்ப்பார். ஒரு தடவை கிரேன் ஓட்டுகிறவர் தட்டில் பாதி அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "என்னய்யா, என் சமையல் மேல என்ன கோவம்?" அந்த மனிதர் வாயைத் திறந்து வீங்கிப்போன ஈறைக் காட்டியிருக்கிறார். பல் பிடுங்கி, புண் ஆறுகிற வரைக்கும் அவருக்கு மட்டும் தனியாக மசித்த சோறு ஜன்னலில் காத்திருந்தது. கேட்டால், "மிஞ்சினதை மசிச்சேன்" என்பார் மாஸ்டர். சூடாக எது மிஞ்சும்?

அந்த மாஸ்டருக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. பேச்சுக் கரகரத்தபோது கண்டுகொள்ளவில்லை. அடுப்புப் புகை என்றார். தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியபோது, உடன் வேலை பார்ப்பவர்களே இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கத்தி வைத்துக் கட்டியை எடுத்தாயிற்று. எடுத்ததில் அண்டா குரல் போய்க் காற்று பாதி, சத்தம் பாதி என்று ஒரு குரல் மிச்சமானது. அடுத்து கதிர் பாய்ச்ச வேண்டும், கரண்ட் வைப்பது என்பார்களே அது, என்றார் டாக்டர்.

"கரண்ட் வைக்கறது எங்க தொழில் மச்சான். பட்டறையிலயே முடிச்சிடலாம்" என்றான் வெல்டர்.

மாஸ்டர் சிரிக்கப் போய் இருமினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆள் எலும்பும் தோலுமா இருக்கார். இந்த உடம்பு சிகிச்சையைத் தாங்காது. அடுத்த தடவை வரும்போது எடை ஏறியிருக்கணும். இல்லேன்னா வயித்துல ஓட்டை போட்டு, குழாய் வழியாத்தான் சாப்பாடு" என்றார்.

வண்டியில் திரும்பி வந்து வெல்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது, மாஸ்டர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, குழாய் மட்டும் வேணாம். ஊருக்கே வாய்க்கு ருசியா போட்டவன் நான். பெட்ரோல் ஊத்தற மாதிரி எனக்கு ஊத்த விட்டுடாத."

கேன்டீனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தவரை அப்படியே விட முடியுமா? தங்கச்சி வீட்டு முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. தங்கச்சியோ துணி தைக்கிற கம்பெனியில் வேலை. விடியும்போது போனால் வெளிச்சம் மங்கும்போதுதான் வருவாள். காலைக்கும் ராத்திரிக்கும் அவள் பார்த்துக்கொள்வாள், மத்தியானம் யார்? முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வெல்டர்தான்.

வெல்டருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் சில நாள் தீய்ந்துவிடும்.

கெட்டியாக எதுவும் இறங்காது. கறி வேகிற வாசனை வந்தாலே மாஸ்டருக்குக் குமட்டியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துமாவைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் கோழை கட்டி மூச்சு முட்டியது. பால் ஆகாது, வெண்ணெய் ஆகாது, தயிரைப் பார்த்தாலே முகம் திரும்பியது. "பச்சையா ஏதாவது குடு மாப்ள. பட்டாணி, கீரை, பீன்ஸ். அந்த வாசனைதான் இன்னும் நாக்குல உயிரோட இருக்கு" என்றார். "ஆனா பால் ஊத்தாமலே பாலாடை மாதிரி வழுக்கிட்டு இறங்கணும்."

"அது எப்படி மச்சான்?"

"வை. சொல்றேன்."

முதல் நாள் வெல்டர் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டான். மூடினான். அடுப்பைத் திருகுகிற வரை திருகினான். நன்றாக வேகட்டும் என்று பட்டறைக்குப் போய் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்ற வைத்துவிட்டு வந்தான். திறந்தால், கீரை பழைய ராணுவச் சட்டை நிறத்தில் கிடந்தது. அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாஸ்டர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தது?"

"குடிங்க மச்சான், சத்து உள்ள இருக்கும்."

ஒரு வாய் குடித்தார். பீன்ஸ் நார் தொண்டையில் நின்றது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதுகைத் தடவுவதா, டாக்டருக்குப் போன் போடுவதா என்று தெரியாமல் வெல்டர் கையைப் பிசைந்தான். அன்று அவ்வளவுதான் சாப்பாடு.

மறுநாள் நாரை முடித்துவிடுவது என்று வெல்டர் கங்கணம் கட்டிக்கொண்டான். அவன் தொழிலில் எது சொரசொரப்பாக இருந்தாலும் ஒரே வைத்தியம்தான்: தேய். கிரைண்டரை வைத்துத் தேய்க்கத் தேய்க்க எந்த வெல்டும் வழவழப்பாகிவிடும். அதே கணக்கைச் சூப்பிலும் போட்டான். கெட்டியாக வரட்டும் என்று வெந்த உருளைக்கிழங்கையும் காய்களோடு மிக்ஸியில் தள்ளி, மோட்டார் சூடேறிக் கருகல் வாசனை வரும்வரை ஓட்டினான். மூடியைத் திறந்தால் கரண்டி உள்ளே நிற்கிறது. தூக்கினால் ஜாரும் சேர்ந்து வருகிறது.

மாஸ்டர் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை.

"மாப்ள, இதை வச்சு வாசக்கதவை ஒட்டலாம். உன் வெல்டிங்கை விட நல்லா நிக்கும்."

வெல்டருக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் பொத்தி வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கு மச்சான்! இத்தனை வருஷம் என் வீட்டுல தண்ணியைத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல நீங்க. பட்டறைக்காரன் கை அழுக்கு, அவன் வீட்டுச் சோறும் அழுக்குன்னு நினைச்சீங்க. இப்ப நானே நின்னு ஆக்கிப் போட்டா அதுலயும் குத்தம்!"

மாஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வெகுநேரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அழுக்கா? யாருடா சொன்னது அப்படி?"

"யாரு சொல்லணும்? நீங்க எழுந்து ஓடற ஓட்டமே சொல்லுச்சே."

"குத்தம் சொல்லிடக் கூடாதுன்னுதான் ஓடினேன்" என்றார் மாஸ்டர். "எனக்கு வாயில வச்சா சும்மா இருக்கத் தெரியாது மாப்ள. தொழில் அப்படி. உப்பு ஒரு கல்லு கம்மின்னா சொல்லிடுவேன். எனக்கும் ஒருத்தி இருந்தா. ஆசை ஆசையா வைப்பா. தினம் ஏதாவது சொன்னேன். அடிச்சதில்ல, திட்டினதில்ல. சொன்னேன், அவ்வளவுதான். ஒருநாள் கரண்டியை என் கையில குடுத்துட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வரல." மூச்சு வாங்கினார். "பாப்பா சின்னதுலயே தொட்டாச்சிணுங்கி. ஒரு சொல்லு சொன்னா மூணு நாள் மூக்கை உறிஞ்சுவா. அவளையும் இழக்கச் சொல்றியா?"

வெல்டர் கையிலிருந்த துணியால் மேஜையைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப என்னை மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்லலாமா?"

"நீ அழமாட்ட. கத்துவ, பாத்திரத்தை உருட்டுவ. நாளைக்குத் திரும்பவும் வைப்ப." மாஸ்டர் கட்டிலை விட்டு மெல்ல இறங்கினார். "நாளைக்கு என்ன நாளைக்கு? நாற்காலியைத் தூக்கி அடுப்புக்கிட்டப் போடு."

அன்றைக்குப் பட்டறைக் கதவு பாதி மூடியே கிடந்தது. கேட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர் வந்து கத்திவிட்டுப் போனார்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். கை ஜாடை, காற்றுக் குரல், கிடைத்த இடத்தில் கிண்டல். "தீயைக் குறை. இன்னும் குறை. இரும்பா உருக்கற?" வெங்காயம் எண்ணெயில் வியர்க்க வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் இனிப்பு போய்க் கசப்பு தொண்டையில் பிடிக்கும். முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து, நகத்தால் கீறினால் மசிகிற பதத்தில் பால்போல அரைத்து வைக்க வேண்டும். உருளைக்கிழங்கை மிக்ஸி பக்கமே கொண்டுபோகக் கூடாது.

"அவன் ரோஷக்காரன். அடிச்சா பசையாயிடுவான். சல்லடையில வச்சுக் கரண்டி முதுகால பதமா அழுத்து. தானா இறங்குவான்."

பீன்ஸை இரண்டு பக்கமும் நார் கிள்ளி, பட்டாணியோடு உப்புத் தண்ணீரில் திறந்தபடி வேக வைத்தான் வெல்டர். கடைசியில் கீரை. "போட்டு, வதங்கினதும் எடு. எடுத்துப் பச்சைத் தண்ணியில முக்கு."

"சூடா இருக்கறதைத் தண்ணியில முக்கறதா? இது எங்க வேலையாச்சே மச்சான்."

"அதான் உன்கிட்டச் சொல்றேன். அந்த நிறம் அப்படியே நிக்கும்."

நின்றது. இளம் புல் மாதிரி ஒரு பச்சை. அரைத்து, மெல்லிய சல்லடையில் வடித்து, கிழங்கையும் முந்திரிப் பாலையும் சேர்த்துக் கிளறியபோது பாலாடை மாதிரி கரண்டியில் ஒட்டி, ஒட்டாமல், சுருண்டு விழுந்தது. புண் தொண்டைக்கு எரியும் என்று மிளகும் எலுமிச்சையும் கிடையாது. மாஸ்டர் ஒரு சொட்டைப் பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் விட்டு நக்கினார். பிறகு கிண்ணத்தை வாங்கி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தபடியே குடித்தார். குடித்து முடித்து விரலால் ஓரத்தை வழித்தார்.

வெல்டர் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தான்.

"உப்பு ஒரு சிட்டிகை கூட" என்றார் மாஸ்டர்.

"கூடத்தான் இருக்கட்டும்!" என்று கத்தினான் வெல்டர். சட்டென்று திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டு, இல்லாத பாத்திரத்தைக் கழுவினான்.

அதற்கப்புறம் மத்தியானம் என்றால் பச்சை சூப்தான். ஒருநாள் ப்ரோக்கோலி, ஒருநாள் பட்டாணி மட்டும். முந்திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது, கிண்ணமும் பெரிதானது. குற்றம் சொல்வது மட்டும் குறையவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும் தங்கச்சி, இரண்டு பேரும் சண்டை போடுகிற சத்தம் கேட்டு வாசலிலேயே நின்று சிரித்துவிட்டு உள்ளே வருவாள்.

ஆஸ்பத்திரியில் எடைபோடும் மெஷின்மேல் மாஸ்டர் ஏறும்போது வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் மூச்சு விட்டால் முள் இறங்கிவிடும்போல. நர்ஸ் குனிந்து பார்த்தாள். பழைய சீட்டைப் புரட்டினாள்.

"ஏறியிருக்கே! பாக்கெட்ல கல்லு ஏதும் இல்லையே?"

"இரும்புப் பட்டறை வெச்சிருக்கார், சோதிச்சிக்கம்மா" என்றார் மாஸ்டர், வெல்டரைக் காட்டி.

குழாய் போடவில்லை. கரண்ட் வைத்து முடித்தார்கள். தொண்டை வெந்து ரணமான நாட்களில்கூட ஆறவைத்த சூப் ஸ்பூன் ஸ்பூனாக இறங்கியது. தேறிய பிறகு மாஸ்டர் கேன்டீனுக்குப் போய் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லாரையும் காற்றுக் குரலில் விரட்டினார். ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படி ஓடியது. வீட்டுக்கு வந்தால் இப்போது ஓடுவதில்லை. தங்கச்சி வைத்ததையும் சாப்பிட்டார். குற்றம் சொல்ல வாய் வந்தால் வெல்டரின் தொடையைக் கிள்ளுவார், அவன் "ஸ்ஸ்" என்பான், தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது.

கட்டி நுரையீரலில் திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர் எடையைப் பற்றிப் பேசவில்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். வெல்டர் தினமும் மத்தியானம் தூக்குப்பாத்திரத்தில் சூப் எடுத்துப் போவான். பாதி குடித்தார், பிறகு கால், பிறகு உதட்டை நனைக்கிற அளவு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் தொண்டைதான். பார்க்க வருகிற ஆளில்லை. ஆஸ்பத்திரித் தட்டு தினமும் மூடி திறக்காமலே திரும்பிப் போகும்.

அன்றைக்கு மாஸ்டர் கிண்ணத்தைக் கையால் தள்ளினார்.

"ஒரு வாய் மச்சான். பட்டாணி, நீங்க சொன்ன மாதிரியே."

தலையை அசைத்தார். கண்ணால் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். வெல்டர் தயங்கினான். எழுந்துபோய் டிரைவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்துக் கொடுத்தான். அந்த மனிதர் ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு, வலிக்கிறதா என்று பார்க்கிறவரைப் போலக் காத்திருந்தார். வலிக்கவில்லை. இன்னொன்றுக்கு வாயைத் திறந்தார். மெல்ல மெல்லக் கிண்ணம் காலியானது. மாஸ்டர் ஒருக்களித்துப் படுத்து, கடைசி ஸ்பூன் வரைக்கும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் திரும்பி வந்ததும் விரலை அசைத்துக் கிட்டக் கூப்பிட்டார். அவன் காதை வாயருகே கொண்டுபோனான்.

"நாளைக்கும் எடுத்துட்டு வா மாப்ள, அவருக்கு" என்றார் மாஸ்டர். "உப்பைக் குறை."