தூசியென்று அழித்த புள்ளி

என் இளைய மருமகளுக்கு, அவள் வேலை செய்யும் அச்சுக்கூடத்தில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். எந்தப் படம் வந்தாலும் கணினித் திரையில் அதைப் பல மடங்கு பெரிதாக்கி, மூலைமுடுக்கெல்லாம் துருவிய பின்னரே அச்சுக்கு அனுப்புவாள். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் அரை மணியில் முடித்த வேலைக்கு இவள் அரை நாள் எடுத்துக்கொள்கிறாள் என்பது முதலாளியின் தீராத குறை.

சென்ற ஆண்டு, புதிதாகக் கட்டப்பட்ட மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்திற்கென மூன்று இயற்கைக் காட்சிப் படங்கள் வந்தன. எடுத்தவர் பெயர்பெற்ற புகைப்படக்காரர். பெயரைவிட அவருடைய கோபம் பெரியது என்பார்கள். முதல் படம், விடியற்காலை ஏரியும் அதன் பின்னே மலையும். ஆறடி அகலத்தில் அச்சிட வேண்டிய அந்தப் படத்தின் முழுப் பொறுப்பையும் முதலாளி முதன்முறையாக அவளிடமே ஒப்படைத்தார்.

இரண்டு நாள் அதனுடன் மல்லுக்கட்டினாள். திரைக்கு ஒளி உண்டு. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. ஆகையால் மலையடிவார நிழலைச் சற்றே வெளிறச் செய்தாள். அந்தக் கூடத்திற்கே சென்று, அங்குள்ள விளக்கொளியில் சோதனைத் துண்டுகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்து, நீலத்தைக் குறைத்தாள். கேமராவுக்குள் படிந்திருந்த தூசி, வானத்தில் பதினொரு புள்ளிகளாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றாக அழித்தாள். படம் அச்சாகி, பலகையில் ஒட்டப்பட்டு, மாலையில் வரவிருந்த வண்டிக்குக் காத்திருந்தது.

அன்று காலை இரண்டாவது படத்தைத் திறந்தாள். அதே ஏரி, சில நொடிகள் கழித்து எடுத்தது. கேமராவிலுள்ள தூசி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில்தான் விழும். பத்துப் புள்ளிகள் அவ்வாறே இருந்தன. பதினொன்றாவது மட்டும் மலைமுகட்டை நோக்கி நகர்ந்திருந்தது. பெரிதாக்கினாள். இரண்டு சிறகுகள் தெரிந்தன.

எழுந்து நேரே முதலாளியின் அறைக்குப் போய், அவரைத் திரைக்கு முன் அழைத்துவந்தாள்.

“சார், ஏரிப் படத்துல ஒரு பறவையை அழிச்சுட்டேன்” என்றாள் முதலாளியிடம்.

அவர் குனிந்து பார்த்தார். “இதுவா? எறும்பு அளவுகூட இல்லை. ஆறடிப் படத்துல இதை எவன் தேடப் போறான்? பேசாம வண்டியில ஏத்து, தாயே.”

“எடுத்தவர் தேடுவாரே.”

“தேடினா தூசின்னு சொல்லிக்கலாம்.”

“தூசி நகராது சார்.”

“சொல்லிட்டேன். அவர் கத்துற கத்துல உன் வேலைக்கே ஆபத்து வந்தா, அப்புறம் என்னைக் கேட்காதே.”

அவள் வெளியே போய்ப் புகைப்படக்காரருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் அவர் வந்து நின்றார்.

“மூணு நாள் குளிர்ல உட்கார்ந்திருந்தேம்மா, அது வரும்னு! நீ தூசின்னு துடைச்சுட்டே!”

கட்டடமே அதிர்ந்தது. அச்சு இயந்திரத்தை ஓட்டுபவர் மெல்ல நழுவிக் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டார்.

“ஆமா சார், தப்பு என்னோடதுதான். அடுத்த படத்தோட ஒத்துப் பார்த்திருக்கணும். பார்க்கலை. சாயங்காலத்துக்குள்ள வேற பிரின்ட் போட்டுத் தரேன்.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான்.”

“எப்போ?”

“இன்னிக்குக் காலையில.”

அதன்பின் அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “நான் குடுத்த படத்தையும் பக்கத்துல திற. வேற எதையாவது துடைச்சு வெச்சிருக்கியான்னு பார்ப்போம்.”

இருவரும் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நிழல் பகுதிக்கு வந்தபோது மட்டும், “இந்த இருட்டுல நாணல் இருக்குன்னு எனக்கே தெரியாது” என்று அவர் முணுமுணுத்தார்.

வண்டி வருவதற்குள் புதிய படம் தயாராகிவிட்டது. எடுத்தவர் பெயர், தாளின் வகை, தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றைப் படத்தின் பின்புறம் ஒட்டுவது வழக்கம்.

“கீழே உன் பேரையும் எழுது” என்றார் அவர்.

“கடைப் பேர் இருக்கே சார், அது போதும்.”

“கடையா எனக்கு போன் பண்ணுச்சு?”

பேனாவை எடுத்துக் கொடுத்தவர் முதலாளி.

அந்தச் சீட்டு இப்போது சுவரைப் பார்த்தபடி இருக்கிறது; படத்தைக் கழற்றினாலன்றி யார் கண்ணிலும் படாது. கண் பரிசோதனைக்காக அந்தக் கூடத்தில் நான் காத்திருக்கும் நாள்களில், பக்கத்தில் இருப்பவர் எவரேனும் படத்தைப் புகழ்ந்தால், எடுத்தவர் பெயரைச் சொல்வேன். பின்புறத்தில் இருக்கும் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.