பங்காளி தேடிப் போன சனிக்கிழமை

டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் குடியிருப்புக்குள் எந்த வீடு விற்பனைக்கு வந்தாலும் முன்னால் இருக்கும் புல்தரையில் ஒரே பலகைதான் நிற்கும். கௌபாய் தொப்பி, பல் தெரியும் சிரிப்பு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு ஜெர்மன் குடும்பப்பெயர். சிரிப்புக்குச் சொந்தக்காரர், வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்யும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது, “அவர் இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுற்றிவிட்டேன். இன்னும் தலை தெளியவில்லை.

அப்போது நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தேன். நேரம் ஒத்துவந்ததே என்று எடுத்த ஒரு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது: நாடுகளுக்கு இடையிலான உறவு. வகுப்பில் நாடுகளின் மாநாடு போல ஒன்றை நடத்தினார்கள். கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஆற்றுத் தண்ணீருக்காக ஒரு மதியம் முழுக்கப் பேசினேன். கடைசியில் பெரிய நாடுகள் எழுதியிருந்த தீர்மானத்தில் ஒரு வரியை நீக்கவைத்தேன். ஒரே ஒரு வரிதான். ஆனால் நான் எழுதிய எந்த நிரலும் ஓடியபோது அப்படிச் சிலிர்த்ததில்லை. இதுதான் என் படிப்பு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஜூன் முடிவதற்குள் துறை மாறுகிறேன் என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பா சரி என்று சொல்ல வேண்டும். படிக்கவைப்பவர் அவர் என்பது ஒரு காரணம். அவரிடம் சொல்லாமல் ஒன்றைச் செய்துவிட்டு வீட்டில் சோறு தின்ன எனக்கு வராது என்பது இன்னொன்று.

அப்பா கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் பரிதாபப்பட்டார்.

“அதுக்கெல்லாம் ஆளு வேணும் அம்மிணி. கோடிங்குன்னா டெஸ்ட் வெப்பான், பாஸ் பண்ணுனா ஜாப். இது அப்புடியா? ஒரு நாட்டுத் தலைவரு முன்னால போயி உக்கார்றதுன்னா, உன்னய உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு ஒருத்தன் வேணுமல்லோ? நமக்கு அங்க யாரு இருக்கறா?”

“திறமை இருந்தாப் போதும்ப்பா.”

“திறமை போதும்னு சொல்றவன் எல்லாருக்கும் மாமன் ஒருத்தன் உள்ள இருப்பான்.”

அவரைத் தோற்கடிக்கத்தான் இணையத்தில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஒரு பன்னாட்டு அமைப்புக்குத் தலைமை தாங்கிய ஒருவரைப் பற்றி வகுப்பில் படித்திருந்தோம். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே குடும்பப்பெயர். அந்தப் பெயர் கொண்ட பிரபலங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் யாரோ தொகுத்திருந்தார்கள். கால்பந்து வீரர், வேதியியலாளர், பாடகி, தூதர், மந்திரி, மறுபடி ஒரு தூதர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மனிதர்கள். பெயருக்கும் பதவிக்கும் தொடர்பில்லை என்று அப்பாவுக்குக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் ஏது?

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். “இந்தப் பேருக்கு அர்த்தம் என்ன?” என்று கேட்டார்.

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில், “அந்தக் காலத்து ஜெர்மனில ஊர்த்தலைவர்னு அர்த்தமாம்ப்பா” என்றேன்.

“அப்புடிச் சொல்லு. நாட்டாமைக் கூட்டம்!”

எங்கள் கொங்குப் பக்கத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி எந்தக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வக் கோயில் உண்டு. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. முன்பின் பார்த்திருக்கவே வேண்டாம். ஒரு காரியம் என்று போய் நின்றால் செய்து கொடுத்தாக வேண்டும். ஹூஸ்டன் தமிழர் பிக்னிக்கில் பார்பிக்யூ வரிசையில் நின்றுகொண்டே இப்படி இரண்டு பங்காளிகளைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. அவர் கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்தது வேறு. இரண்டு தூதர், ஒரு மந்திரி, ஒரு தலைவர். அண்ணன் தம்பியை எப்படி இழுத்து மேலே விட்டிருக்கிறார்கள் பார்! கால்பந்து வீரர் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இல்லை. “எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தன் வெளையாடிட்டுத் திரிவான்” என்று அவரைத் தள்ளிவைத்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா வேலியருகே போய் நேராகவே கேட்டுவிட்டார்: உங்கள் பெயரில் ஒருவர் உலக அமைப்புக்கே தலைவராக இருந்தாராமே, உங்களுக்கு உறவா?

அவர் புகைக்குள்ளிருந்து சிரித்தார். “இருக்கும் சார். இந்தப் பெயரில் இருக்கிற எல்லாரும் எனக்குக் கசின்தான்” என்றார் ஆங்கிலத்தில். வீடு விற்பவர்கள் எதையும் அந்தச் சிரிப்போடுதான் சொல்வார்கள். கேலியா, நிஜமா என்று எனக்கே பிடிபடவில்லை. அப்பாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. கசின் என்றால் பங்காளி. முடிந்தது.

“பாத்தியா? வேலிக்கு அந்தப் பக்கம் ஆளை வெச்சுக்கிட்டு நாம ஆளு இல்லீன்னு பேசிட்டு இருந்திருக்கறோம்.”

“அப்பா, அவர் சும்மா சொல்றாருப்பா.”

“சொந்தத்துல யாராச்சும் சும்மா சொல்லுவாங்களா?”

அடுத்த வாரம் அவர்கள் குடும்பத்து வருடாந்தரக் கூடல், மேற்கே இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில். அப்பா எப்படிக் கேட்டாரோ தெரியாது, எங்களுக்கும் அழைப்பு வந்துவிட்டது. “வாருங்கள், எல்லாரையும் பார்க்கலாம்” என்றாராம் அவர். எல்லாரையும் என்ற சொல்லை அப்பா வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருந்தார். “அந்தத் தலைவரு வராட்டியும் அவரு வூட்டுப் பக்கம் யாராச்சும் வருவாங்க. ஒரு வார்த்தை சொல்லி வெப்போம். அது சரிப்பட்டுச்சுன்னா நீ மாறிக்கோ.”

என் நிலைமை எனக்கே சிரிப்பாக இருந்தது. அப்பா நம்புவது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தப்பு பலித்தால்தான் நான் நினைத்த படிப்பு. போகும் வழியெல்லாம், அவர் உண்மையிலேயே கசினாக இருந்துவிடக் கூடாதா என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். பெயருக்கும் பதவிக்கும் தொடர்பில்லை என்று வாதாடியவள்!

அம்மாவுக்கு அன்று மருத்துவமனையில் ஷிப்ட். அடுத்தவர் வீட்டு நோம்பி விசேஷத்துக்கு வெறும் கையோடு போகக்கூடாது என்று ஒரு தூக்குப்போசி நிறைய, அரிசிமாவும் வெல்லமும் கலந்து எண்ணெயில் கச்சாயம் சுட்டுக் கொடுத்திருந்தாள். கூடல் நடந்த பூங்காவின் பெரிய கொட்டகை நுழைவாயிலில் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை. நெஞ்சில் ஒட்டிக்கொள்ளப் பெயர்ச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டி வந்த முதல் ஆளுக்கு ஆறு பிள்ளைகளாம். ஆறு கிளைக்கு ஆறு நிறம். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை. ஆசிரியை மஞ்சள். எங்களுக்கு விருந்தாளி வெள்ளை.

அப்பா நெகிழ்ந்துபோனார். “நம்ம கோயில் பொங்கலாட்டவே இருக்குதல்லோ? முறை பிரிச்சு வெச்சிருக்கறாங்க பாரு.”

ஆசிரியை என் குடும்பப்பெயரைக் கேட்டார். சொன்னேன். அப்பாவின் பெயரையும் கேட்டு, இரண்டு சீட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இவர் உன் அப்பாதானே? கடைசிப் பெயர் வேறாக இருக்கிறதே?”

“என் கடைசிப் பெயர் அவருடைய முதல் பெயர். அவருடைய கடைசிப் பெயர் அவர் அப்பாவின் முதல் பெயர்.”

“உன் அம்மாவுக்கு?”

“அப்பாவின் முதல் பெயர்.”

“அப்படியானால் வீட்டில் இவருக்கு மட்டும் வேறு பெயரா? யார் உங்கள் ஆட்கள் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள்?”

நான் வாயைத் திறந்தேன். கூட்டம், கோயில், பங்காளி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடுக்கப் பார்த்தேன். பாதியில் எனக்கே எதுவும் புரியாமல் போய், “விசாரித்துக் கண்டுபிடிப்போம்” என்று முடித்துக்கொண்டேன்.

விசாரிப்பதைத்தான் அப்பா அதற்குள் ஆரம்பித்திருந்தார். பச்சைக்காரர்கள், நீலக்காரர்கள் என்று தட்டும் கையுமாக இருந்த எல்லாரிடமும் போய், உலகத் தலைவர் எந்தக் கிளை என்று கேட்டார். ஒருவர் தோளைக் குலுக்கினார். ஒருவர் இன்னொரு தொத்திறைச்சி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் சுற்றி வந்து ஆசிரியையிடமே கேட்டார்.

“அவரா? அவர் எங்கள் ஆள் இல்லை. எங்கள் ஆளாக இருந்தால் அதில் இருப்பார்” என்று ஆசிரியை சுவரைக் காட்டினார். இறைச்சி பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருந்தது. அதில் மொத்தக் குடும்பமும் கிளை கிளையாக விரிந்திருந்தது. “அவ்வளவு தூரம் எதற்கு? ஓடைக்கு அந்தப் பக்கம் இதே பெயரில் முப்பது வீடு இருக்கிறது. அவர்களே எங்களுக்கு உறவில்லை.”

“ஒரே பெயராச்சே?” என்றார் அப்பா.

“பெயர் ஒன்று. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் லூத்தரன்கள். சர்ச் வேறு, கல்லறைத்தோட்டம் வேறு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு தலைவர் இருப்பார் இல்லையா? அந்த வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதே பெயர் வந்துவிட்டது.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “கோயிலே வேறயாமா? அப்பறம் என்ன பங்காளி?” என்றார் தமிழில். நான் ஒரு வாரமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவருடைய கணக்கே ஒரு நொடியில் அவருக்குச் சொல்லிவிட்டது.

தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் காது வரை சிவந்தது. “சார், அன்றைக்கு நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீங்கள் நிஜமென்று நினைப்பீர்கள் என்று... உங்கள் மகளுக்கு உதவ முடிந்தால் நிச்சயம் செய்வேன். ஆனால் எனக்கு வீடு விற்கத்தான் தெரியும்.” பலகைச் சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா, “நோ பிராப்ளம், நோ பிராப்ளம்” என்றார். பிறகு சுவருக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே என்ன வேலை பார்த்தார் என்று எழுதியிருந்தது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை விடாமல் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். கூப்பிடவும் பயம், விடவும் பயம். பின்னால் குழந்தைகள் கச்சாயத்தை டோனட் என்று சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவே வெயிலில் பளபளத்தது. என் படிப்பு அந்தக் கொட்டகையிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆள் இருந்தால் மாறிக்கொள் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆள் இல்லை. இதற்குமேல் என்ன பேச்சு? கேட்டி தண்ணீர்த்தொட்டி கண்ணில் படும்போதுதான் வாயைத் திறந்தார்.

“அத்தனை பேரு அந்தச் சொவுத்துல. வெவசாயம், பாதிரியாரு, வெல்டிங், ஸ்கூலு, லாரி. ஒருத்தருகூடத் தூதரு இல்ல அம்மிணி.”

“ம்.”

“பேரு அதேதான். வருசா வருசம் கூடிச் சோறு திங்கறாங்க. ஒருத்தன ஒருத்தன் கைவிட மாட்டாங்க போலத்தான் தெரியுது. ஆனாலும் அந்தப் பக்கம் ஒருத்தரும் போவுல.”

“ஆமாப்பா.”

“போன அந்தத் தலைவருக்கு இவுங்க யாருன்னே தெரியாது. அப்ப அவரு எதைய வெச்சுத்தான் போனாரு?”

வகுப்பில் படித்ததை எல்லாம் மனதுக்குள் புரட்டினேன். திறமை என்று சொல்லலாம். அதிர்ஷ்டம், கட்சி, நல்ல பள்ளிக்கூடம் என்றும் சொல்லலாம். அவருக்கு உள்ளே ஒரு மாமன் இருந்தாரோ, யார் கண்டது? “தெரியலைப்பா” என்றேன். அப்படிச் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று தெரிந்தும் அதுதான் வாயில் வந்தது.

“எனக்கும் ஒண்ணும் வெளங்குல.” ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் குடியிருப்பின் முதல் பலகை, அதே தொப்பி, அதே சிரிப்பு, கடந்து போயிற்று. “செரி, நீயே போயிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.”

“என்னப்பா சொல்றீங்க?”

“மாறிக்கோங்கறேன். ரோட்டைப் பாத்து ஓட்டு.”

வீட்டுக்குள் நுழைந்ததும், ஷிப்ட் முடிந்து வந்திருந்த அம்மா காலித் தூக்குப்போசியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, ஆளு கெடைச்சாங்களா?”

“கெடைக்குல.”

“அப்பறம்?”

“அதனாலதான் மாறிக்கச் சொல்லிட்டேன்.”

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். “வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?” என்று கேட்டாள்.