மலை விடுதியின் பதிவேடு

கிராட்ஸ் நகரத்து டிராமில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள் ரோஸ்விதா. அவள் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. டிக்கெட் எடுக்காதவன் அபராதத்துக்குப் பயப்பட மாட்டான். அவள் பேச்சுக்குப் பயந்து அடுத்த நிறுத்தத்தில் குதித்துவிடுவான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தனக்கென்று ஆள் யார் என்று கேட்டால் கெர்லிண்டே ஒருத்திதான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், சாது.

வருஷா வருஷம் செப்டம்பரில் இருவரும் கிளம்பிவிடுவார்கள். அவசரமே இல்லை. லுப்லியானா ஆற்றங்கரையில் இரண்டு நாள், திரியெஸ்தேயில் ஒரே ஒரு காப்பிக்கு ஒரு முழுக் காலை, கடைசியில் டிரோல் மலை. ரோஸ்விதா பேசுவாள், கெர்லிண்டே ‘ம்’ கொட்டுவாள். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிற்று.

இந்த வருஷம் கெர்லிண்டேயிடமிருந்து போன் வந்தது.

“முட்டி வலி உயிர் போகுதுடி. நீ மட்டும் போயிட்டு வா.”

போனாள். திரியெஸ்தேயில் காப்பி பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. பரிமாறுகிறவனிடம் பேச்சுக் கொடுத்தாள், அவன் நழுவிவிட்டான். இவ்வளவு பெரிய ஊரில் ‘ம்’ சொல்ல ஒரு ஜீவன் இல்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அங்கே இருப்புக் கொள்ளாமல், எப்போதும் வருகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, வழக்கமான மலை விடுதிக்கு நடுப்பகலில் ஏறி வந்து சேர்ந்தாள். தங்குகிறவரோ, சூப் குடித்துவிட்டுப் போகிறவரோ, யாராயிருந்தாலும் அங்கே பதிவேட்டில் எழுதியாக வேண்டும்: பெயர், எத்தனை பேர், அடுத்து எங்கே. போன ஆள் போய்ச் சேராவிட்டால் அதை வைத்துத்தான் தேடுவார்கள். வீட்டில் பொய் சொல்கிறவர்கள்கூட அதில் பொய் எழுத மாட்டார்கள்.

பென்சிலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வரி மேலே கெர்லிண்டேயின் குண்டு குண்டு எழுத்து. ‘மேல் விடுதிக்குப் போகிறேன். வியாழக்கிழமை இதே வழியாகத் திரும்புவேன்.’ ஆள் எண்ணிக்கை: ஒன்று.

வேறு ஒருத்தியோடு வந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். ஒன்று என்று எழுதியிருக்கிறாளே, பாவி!

விடுதி நடத்தும் புர்கி சூப்போடு வந்தாள். “அட, உன் கூட்டாளி காலையிலதான் மேல போனா. ரெண்டு பேருக்கும் என்ன, சண்டையா?”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“எங்க பேசினா? ரெண்டு நாளா அந்த பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தா. ‘அப்பாடா, என்ன நிம்மதி’ன்னா. அவ்ளோதான்.” சொல்லிவிட்டுப் புர்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இப்பவே நடந்தா சாயங்காலத்துக்குள்ள அவளைப் பிடிச்சிடலாம். மேல போன் போட்டுச் சொல்லவா?”

“வேண்டாம்.”

சூப் ஆறிக்கொண்டிருந்தது. போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். கேட்டால்? அவள் ஒப்புக்கொள்வாள், அழுவாள், பிறகு போனையே எடுக்க மாட்டாள். பெயரை எழுதிவிட்டுப் பேசாமல் இறங்கினாலும் அதே கதைதான். வியாழக்கிழமை வந்து பார்ப்பாள், மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துபோகும். அந்த ‘ம்’மும் அதோடு போய்விடும்.

ரோஸ்விதா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முதுகுப்பையை மாட்டிக்கொண்டாள்.

“ஏய், எழுதாம எங்க கிளம்புற? மழை வரப் போகுது, பாறை வழுக்கும். விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?”

“நான் இங்க வரவே இல்ல, புர்கி. அவகிட்ட மூச்சு விடாத.”

“பைத்தியமா உனக்கு? ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் போன் போடுறது?”

ரோஸ்விதா வாசலில் நின்று யோசித்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தும் வேறு பெயர் வரவில்லை.

“அவளுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்குப் பாதையில் இறங்கினாள்.