மொட்டை வண்டியை நான் விலைக்கு வாங்கியது

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரிகளில் பாதி என்னுடையவை. சும்மா சொல்லவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது வேறு விஷயம். இந்தத் தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே நான் ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கியவன்.

நெய்வேலியில் அப்போது குவார்ட்டர்ஸ் எல்லாம் புதுசு. நாங்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நிலமெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட, அப்பா மைன்ஸில் பர்மனென்ட் ஆகி, எங்களுக்கு ஒரு வீடும் கிடைத்திருந்தது. வீட்டு வாசலில் தார் ரோடு. அதைப் பார்த்ததும் மற்றப் பையன்களுக்கு ஓடத் தோன்றியது, எனக்கு வண்டி விடத் தோன்றியது. ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, கட்டை முனைகளில் தேய்ந்துபோனதென்று லாரிக்காரர்கள் கழித்த பேரிங்குகள், இழுக்க ஒரு கயிறு. வடலூரில் லாரி ஷெட்டில் வேலை பார்த்த என் தாய்மாமா அந்தப் பேரிங்குகளை எனக்கு மட்டும்தான் கொண்டுவந்து தருவார். இப்படி நாலு வண்டி வைத்திருந்தேன். ரேஷன் கடை வாசலில் நின்று, அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய் டின்னையும் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். கூலி முறுக்காகவும் வரும், பலாச்சுளையாகவும் வரும். வண்டி இழுக்கும் பையன்களுக்கு நான்தான் முதலாளி.

பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை மகளும் ஒரு வண்டி வைத்திருந்தாள். அதன் பெயர் மொட்டை. பெயருக்கேற்ப அதில் ஒன்றும் கிடையாது. மெல்லிசாக ஒரு பலகை, பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று, காலால் திருப்ப ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து அவள் இறங்கினால் நாய்கூடத் துரத்தாது, துரத்திப் பயனில்லை என்று அதற்கே தெரியும். ஆனால் அவள் கம்பெனி நொடித்துக் கிடந்தது. மொட்டையில் ஒரு படி அரிசிகூட ஏற்ற முடியாது, வருமானம் கிடையாது. ஓட்டுகிற வேகத்தில் பேரிங் உடையும், மாற்றுப் பேரிங்குக்கு வழி கிடையாது.

அந்த வருஷம் பக்கத்து பிளாக் பையன்களும் பாரவண்டி கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் தலைவன் ஒரு நெட்டையன். "ஆயுத பூஜையன்னிக்கு மேட்டுலேர்ந்து வுடுவோம். எவன் வண்டி முந்துதோ அவனுக்குத்தான் கடை வாசல். தோத்தவன் வண்டிய ஒடச்சி அடுப்புல வெச்சிக்க" என்றான். என் பையன்கள் பார்க்க, நானும் சரி என்றுவிட்டேன். என் வண்டிகளோ மூட்டைக்குப் பிறந்தவை, மேட்டில் விட்டால் எருமை மாதிரி யோசித்து யோசித்து இறங்கும்.

அன்று சாயங்காலமே அத்தை வீட்டில் போய் நின்றேன்.

"மொட்டைய எனக்குக் குடுத்துடு. பேரிங் எவ்ளோ வேணுமோ நான் தரேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "எடுத்துக்க. ஆனா நான்தான் ஓட்டுவேன். என்னைக் கேக்காம எவனும் அதுல கை வெக்கக் கூடாது."

இவ்வளவு சுலபமாக ஒருத்தி ஏமாறுவாளா என்று எனக்கே பாவமாக இருந்தது. மொட்டையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலாளி என்றால் சொத்தைப் பலப்படுத்த வேண்டாமா? பலகைக்கு மேல் இன்னொரு பலகை வைத்து ஆணி அடித்தேன். ஒரு சக்கரத்துக்கு இரண்டாக இருக்கட்டும் என்று முன்னாலும் ஜோடி பேரிங் போட்டேன். மாமா கொடுத்த கிரீஸை வெண்ணெய் மாதிரி உருட்டி உருட்டி உள்ளே அடைத்தேன். மறுநாள் மேட்டில் விட்டுப் பார்த்தால், மொட்டை பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

பின்னாலேயே வந்துவிட்டாள் அத்தை மகள். "இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? இதுல அரிசி மூட்டையா ஏத்தப் போற?"

"ஒடயாம இருக்கணும்ல?"

"ஒடஞ்சா வேற போட்டுக்கலாம். அதுக்குத்தானே உன்னைச் சேத்துக்கினேன்."

மேல் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். அதிகப்படி பேரிங்கைக் கழற்றினாள். கிரீஸ் போக எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசி, விரலால் சுண்டிவிட்டாள். பேரிங் நிற்காமல் சுற்றியது. நான் சிதறிய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜையன்று சுரங்கத்து எந்திரங்களுக்கு நடந்ததெல்லாம் எங்கள் வண்டிகளுக்கும் நடந்தது. சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நெட்டையன் தன் வண்டிக்கு வாழைக்கன்றே கட்டியிருந்தான்.

"பொட்டப் புள்ளயா ஓட்டப் போவுது?" என்று சிரித்தான்.

"நீ வாழமரத்த அவுத்துட்டு வாடா, கல்யாண வூடு" என்றாள் இவள்.

எலுமிச்சம்பழம் நசுங்கியதுதான் தெரியும். பேரிங் போட்ட சத்தத்தில் குவார்ட்டர்ஸ் கதவெல்லாம் திறந்தது. நெட்டையன் பாதி மேடு இறங்குவதற்குள் அவள் கீழே போய், வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தது என் வண்டி! என் பையன்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ரேஷன் கடையைச் சுற்றினார்கள். அப்படி ஓர் உயரத்திலிருந்து அந்த டவுன்ஷிப்பை எந்த ஆபீசரும் பார்த்திருக்க மாட்டார்.

கடை வாசல் எங்களுடையது ஆயிற்று. அவள் என் பாரவண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். முன்கட்டை திரும்பும்படி செய்தாள், கூலி இரட்டிப்பானது. பையன்கள் எதற்கெடுத்தாலும் "அக்கா வரட்டும்" என்றார்கள். மாமாவும் பேரிங்குகளை நேராக அவளிடமே கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

அவள் கம்பெனியை நான் வாங்கிய கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். அத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும், "யாரு யார வாங்கினாங்கன்னு தெரியலயே மருமவனே" என்று சிரிப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். பெரியவர்களுக்கு வியாபாரம் எங்கே புரிகிறது என்று நினைத்துக்கொண்டு, இன்றைக்கு என்னை எந்த வண்டி இழுக்கச் சொல்கிறாள் என்று அவளிடம் கேட்கப் போவேன்.