ஒரு டம்ளருக்குள் ஒரு லீற்றர்

பூனாகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் நம்பர் லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் கிருஷ்ணராஜ் குடியிருந்தான். வயது முப்பத்தாறு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவான், உரம் போடுவான், மழைக்காலத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுவான். இதையெல்லாம் தோட்டத்தில் எந்த ஆம்பிளையும் செய்வான். கிருஷ்ணராஜுக்கு மட்டும் ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் 'ஏன்' என்று கேட்பான்.

அட்டை கடித்தால் எல்லாரும் உப்பைத் தடவி உதிர்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அவன் அதைத் தகர மூடியில் போட்டு, உப்பைத் தூவி, குந்தியிருந்து பார்ப்பான். அட்டை சுருங்கச் சுருங்க மூடியில் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீர் அட்டையின் உடம்புக்குள்ளிருந்து வருகிறது என்பது விளங்கியது. உப்பு அதை எப்படி வெளியே வரவைக்கிறது என்பது விளங்கவில்லை.

போன மழைக்கு உரப்பை ஒன்று கிழிந்து, ஒரு தேயிலைச் செடியின் தூரில் குவியலாகக் கொட்டிவிட்டது. அள்ளியது போக மிச்சம் மண்ணில் கரைந்தது. நாலைந்து நாளில் செடி வாடிக் கருகியது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தான், சொதசொதவென்று இருந்தது. இவ்வளவு ஈரத்தில் நிற்கிற செடி ஏன் தண்ணியில்லாத மாதிரி சாகிறது என்று கங்காணி மாரிசாமியிடம் கேட்டான்.

"ஒனக்குத் தோட்டத்துல சம்பளம் உரம் போடவா, கேள்வி போடவா?" என்றார் கங்காணி. அன்று மலையே சிரித்தது.

இப்படிப்பட்டவனின் வீட்டில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அவனுக்கும் தனுஜாவுக்கும் ஒரே பிள்ளை, மதுஷா. ஏழு வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்றவள். இப்போது மூன்று வயது. விடியலில் தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் எட்டு மணியாகியும் நிற்கவில்லை. லயங்களுக்கு வந்து தாய் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது நஸ்மியா, வயிற்றுப்போக்குக்கென்று போன மாதம் தந்துவிட்டுப் போன ஜீவனி உப்புச்சீனிப் பக்கெட் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. தனுஜா அதை எடுத்தாள். ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்கவேண்டும் என்று தமிழில்தான் எழுதியிருந்தது. அவளும் வாசித்தாள். ஆனால் கையகலப் பிள்ளை ஒரு லீற்றரை எப்போது குடித்து முடிப்பது? லயத்தில் தேத்தண்ணி என்றால் சாயம் கடுமையாக இருக்கவேண்டும். அப்போதுதான் உடம்புக்குத் தெம்பு. வெளிறிய தேத்தண்ணியை விருந்தாளிக்குக் கொடுத்தால் கூட மானம் போய்விடும். மருந்துக்கும் அதே நியாயம்தானே? முழுப் பக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்தாள். பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்தவன் கிருஷ்ணராஜ்தான்.

பாதி டம்ளர் உள்ளே போனது. ஒரு மணி நேரத்தில் வயிறு முன்னைவிட மோசமாகப் போனது. கண்கள் குழிவிழுந்தன. பிள்ளை அழுதாள், கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்ததும் தனுஜா மிச்சத்தையும் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினாள். டம்ளரைத் தூக்கியவன், விரலில் வழிந்ததை நக்கிப் பார்த்தான். கருவாடு கழுவிய தண்ணீர் போலக் கரித்தது. உரம் கூடி ஈர மண்ணில் கருகி நின்ற செடி சட்டென்று கண்ணுக்குள் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"இத குடுக்க வேணாம் தனு."

"பிள்ள தாகத்துல துடிக்குது. இப்பயும் ஒங்களுக்கு ஆராய்ச்சிதானா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடி நஸ்மியாவுக்குப் போன் எடுத்தான். எத்தனை தண்ணியில் கலக்கினீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னான்.

"அதுல இனி ஒரு சொட்டும் குடுக்க வேணாம்," என்றார் நஸ்மியா. "அது பிள்ளைட ஒடம்புல இருக்கிற தண்ணியத்தான் குடலுக்கு இழுக்கும். ஆஸ்பத்திரிக்கு இப்பவே வெளிக்கிடுங்க. சந்தியில ஸனூஸ் நானாட கடையில வேற பக்கெட் வாங்கி, அளந்து ஒரு லீற்றர்ல கலந்து, கரண்டி கரண்டியா குடுத்துக்கிட்டே போங்க."

ஆட்டோவில் வளைவுக்கு வளைவு ஒரு கரண்டி என்று கொடுத்துக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்க மூன்று முறை குத்தவேண்டியிருந்தது. தனுஜா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சேலைன் சொட்டத் தொடங்கியதும் கிருஷ்ணராஜ் தாதியிடம் மெல்லக் கேட்டான். ஒரே மருந்து ஒரு லீற்றரில் உயிரைக் காப்பாற்றி, ஒரு டம்ளரில் எப்படி உயிருக்கு உலை வைக்கும்?

தாதி சலித்துக்கொள்ளவில்லை. உடம்பு கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளால் ஆனது, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தோல்தான் சுவர் என்றார். அந்தத் தோல் தண்ணீரை விடும். உப்பை லேசில் விடாது. எந்தப் பக்கம் உப்போ சீனியோ கூடியிருக்கிறதோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். அளவாகக் கரைத்தால் உப்பும் சீனியும் ஒன்றாகக் குடல் சுவருக்குள் போகும். தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையாகக் கரைத்தால் எல்லாம் தலைகீழ்.

"அப்ப செடி வேருக்கும் இதே கதைதானா மிஸ்?"

எந்தச் செடி என்று தாதிக்குத் தெரியாது. ஆனாலும் ஆமென்றார். உப்புதான் எதிரியென்றால் இந்தப் போத்தலில் ஏன் உப்பு, வெறும் தண்ணீரை ஏற்றினால் என்ன என்று அடுத்ததைக் கேட்டான். வெறும் தண்ணீர் இரத்த அணுக்களுக்குள் புகுந்து ஊதி உடைத்துவிடும், அதனால்தான் இரத்தத்துக்கு ஈடாகக் கலந்திருக்கிறது என்றார். அட்டை சுருங்கியதைக் கண்டவனுக்கு, ஒன்று ஊதி வெடிக்கும் என்பது புதிது. ஒரு கணம் இருந்த இடமே மறந்து வியந்து நின்றான்.

பிறகு டொக்டர் வந்து பார்த்தார். தண்ணீர் உள்ளே சேர்ந்தால் பிள்ளை சிறுநீர் கழிப்பாள், கழித்தால் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போனார். அதற்கு மேல் அவனிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை. பகல் ஒரு மணி, இரண்டு, மூன்று. பிள்ளை அவன் மடியில் துவண்டு கிடந்தாள்.

"நான்தாங்க எம்பிள்ளய காயவச்சேன்," என்றாள் தனுஜா. காலையிலிருந்து அடக்கியது அப்போதுதான் உடைந்தது. "எழுதியிருந்துச்சு. வாசிச்சும் கேக்கல."

"டம்ளர பிடிச்சது என் கைதான் புள்ள," என்றான் அவன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் உடுத்தியிருந்த சாரத்தில் இளஞ்சூடாக ஏதோ பரவியது. முதலில் சேலைன் குழாய்தான் கழன்றுவிட்டதென்று பயந்தான். குழாய் சரியாக இருந்தது. மதுஷா கண்ணைத் திறந்து, வெட்கப்பட்டு, அப்பாவைப் பார்த்தாள். தனுஜா டொக்டரைத் தேடி வெறுங்காலோடு ஓடினாள். பிள்ளைக்கு உடுப்பு மாற்றித் தருகிறேன், எழும்புங்கள் என்று தாதி கையை நீட்டினார். கிருஷ்ணராஜ் நனைந்த சாரத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் இருங்க மிஸ்," என்றான்.