இரண்டு அங்குலம் குறைந்த நாள்

2024 ஜூன் 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். பின்படியில் உட்கார்ந்து முதல் சிகரெட், பிறகு சாயா. எட்டே காலுக்கு மட்டாஞ்சேரி பண்டகசாலையில் கையெழுத்து. மிளகு மூட்டைகளில் ஈரம் பார்ப்பது என் வேலை. அரை சதவீதம் கூடினாலும் மூட்டை வந்த வழியே திரும்பும். மதியத்துக்குள் முப்பத்தெட்டு மூட்டை பார்த்து இரண்டைத் திருப்பினேன். சிகரெட் ஐந்து.

நான்கு மணிக்கு வியாபாரிகள் மண்டபத்தில், புகைப்பவர்களின் நுரையீரலுக்கு என்ன வயது என்று சொல்லும் முகாம். என் மனைவி ஆட்டோ பிடித்து எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குள் ஒரு பந்தயம். என் மாமனாரான அவளுடைய அத்தாவுக்கு வயது அறுபத்தெட்டு; என் நுரையீரல் அதைத் தாண்டினால் நான் சிகரெட்டை விட வேண்டும். தாண்டாவிட்டால் அவள் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எனக்கு நாற்பத்தொன்பது. இடையில் பத்தொன்பது வருடம் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வயதைக் கேட்டார். உயரத்தைக் கேட்டார். பழக்கத்தில், "அஞ்சடி ஏழு" என்றேன். என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கருவியில் தட்டினார். குழாயை வாயில் வைத்தேன்.

"ஊதிக்கோ இக்கா, ஊதிக்கோ, நிறுத்தல்லே, நிறுத்தல்லே!" நிறுத்தாமல் ஊதச் சொல்லி நர்ஸ் மலையாளத்தில் விரட்டினார்.

மூன்று முறை ஊதினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. திரையில் எழுபத்தொன்று.

"அத்தாவுக்கே மூத்தவரா ஆயிட்டீங்க," என்றாள் மனைவி. "இனி அவுக வந்தா நீங்க எந்திரிக்க வேண்டா."

இது என்ன கணக்கு என்று நர்ஸிடம் விசாரித்தேன். உயரமானவர்களுக்கு நுரையீரல் பெரிது, நான் ஊதியதோ அதே உயரமுள்ள எழுபத்தொரு வயதுக்காரர் ஊதும் அளவுதான் என்றார்.

அப்படியானால் உயரம் குறைந்தால் வயதும் குறையும். அஞ்சடி ஏழு என்பது நிக்காஹ் பேசும்போது நான் கூட்டிச் சொன்ன உயரம். இருபத்திரண்டு வருடமாக எல்லாப் படிவத்திலும் அதையே எழுதி வருகிறேன்.

"சிஸ்டர், அஞ்சடி அஞ்சுன்னு மாத்திப் பாருங்க," என்றேன் மெதுவாக.

மனைவிக்குக் கேட்டுவிட்டது. "என்னது?"

நர்ஸ் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். சரியாக ஐந்தடி ஐந்து. மறுபடி தட்டினார். அறுபத்தைந்து. மூன்று வருட வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டேன்.

மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் கல்யாண போட்டோவுல என்ன உக்கார வச்சிட்டு நீங்க நின்னீங்களா!"

ஆட்டோவில் ஏறியதும் சிரிப்பு நின்றது. "இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த பொய்யி. சிகரெட்டுக்காக ஒரு நிமிசத்துல விட்டுட்டீங்களே," என்றாள். பந்தயத்தில் பேசி வைத்தபடி, சிகரெட் பேச்சை அத்தோடு விட்டாள்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் 65 என்று எழுதி, அதிலிருந்து 49ஐக் கழித்தேன். பதினாறு வருடம் கூடுதல். அரை சதவீத ஈரத்துக்கு மூட்டையைத் திருப்புகிறவன் நான்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக சிகரெட் பாக்கெட்டை அவளிடம் நீட்டினேன். உள்ளே நான்கு இருந்தன. அவள் முக்காலியில் ஏறி அதைப் பரணில் தள்ளினாள்.

"தூரப் போட்டா வேற வாங்குவீங்க. இங்கயே இருக்கட்டும். அஞ்சடி ஏழு உள்ளவுகளுக்குத்தான் எட்டும்."

முக்காலியைக் கையோடு எடுத்துக்கொண்டு சாயா போடப் போனாள்.